கடைவாசல் பதில்கள்: எத்தனை பேர் அனுப்பினார்கள்?

கொட்டாஞ்சேனையில் 19 ஆண்டுகள் கொமியூனிகேஷன் கடை நடத்தினேன். ரீலோட், போட்டோப் பிரதி, வெளிநாட்டு அழைப்பு. கடையை மூடிவிட்டேன், கேள்வி கேட்டு வருகிறவர்கள் மட்டும் நிற்கவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வானொலிக் குறுஞ்செய்திப் போட்டிகளைப் பற்றியவை. மற்றக் கடிதக்காரர்கள் பொறுத்தருள்க. கடிதங்களும் என் பதில்களும் கீழே.

என் அம்மாவுக்கு 71 வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டிலோடுதான். காலையிலிருந்து இரவு வரை வானொலிதான் துணை. போன மாதக் கைத்தொலைபேசிக் கட்டணப் பட்டியலைப் பார்த்தால், ஒரு வானொலிப் போட்டிக்கு மட்டும் 63 குறுஞ்செய்திகள் போயிருக்கின்றன. ஒன்றுக்கு 20 ரூபாவும் வரிகளும். ஏசிவிட்டேன். அம்மா மூன்று நாட்களாக என்னோடு பேசவில்லை. இது போட்டியா, ஏமாற்றா?
*வாசகி, வெள்ளவத்தை*

முதலில் அம்மாவிடம் போய்ப் பேசுங்கள், தங்கச்சி. கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

63 இருபதுகள் 1,260 ரூபா. வற் வரி 18 வீதத்தையும் மற்ற வரியையும் சேர்த்தால் 1,500ஐத் தாண்டும். அந்தக் காசு வானொலி நிலையத்துக்கு முழுதாகப் போவதில்லை. தொலைபேசி நிறுவனம் தன் பங்கை எடுக்கும்; போட்டிக்கு விடை அனுப்பும் நான்கு இலக்க எண்ணை நடத்திக்கொடுக்கும் இடைநிறுவனம் ஒன்று எடுக்கும்; மிச்சம் நிலையத்துக்கு. என் போன்ற ரீலோட் கடைக்காரனுக்கும் சில சதங்கள் விழுந்தன. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நியாயம் சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமை பின்னேரங்களில் 50 ரூபா ரீலோட் போட்டுக்கொண்டு, கடைவாசலை விட்டு இறங்குமுன்பே போட்டிக்கு அனுப்பி முடித்து, திரும்பி வந்து இன்னொரு 50 கேட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் போட்டுக் கொடுத்தேன்.

பழைய கதை ஒன்று. டொரிங்டன் சதுக்கத்து இலங்கை வானொலிக்கு நாங்கள் தபாலட்டை எழுதிய காலத்தில், அட்டைக் காசு தபால் திணைக்களத்துக்குப் போயிற்று. வானொலிக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நூறு அட்டை வந்தாலும் பத்தாயிரம் வந்தாலும் அவர்களுக்கு மூட்டை பிரிக்கும் வேலைதான் கூடியது. அதனால்தானோ என்னவோ, கேள்விகள் கடினமாக இருந்தன. இலேசாகக் கேட்டால் அட்டை குவியும். குவிந்தால் யார் பிரிப்பது?

இப்போது கேள்வி கேட்கிறவருக்கு ஒவ்வொரு விடையிலும் காசு வருகிறது. அப்படியானால் கேள்வி எப்படி இருக்கும்? "இலங்கையின் மிக நீளமான ஆறு எது? அ. மகாவலி, ஆ. நைல்." நைல் என்று அனுப்புகிறவர் இருந்தால் அவருக்கு ஒரு ஆறுதல் பரிசு கொடுக்கலாம். கேள்வி இலேசாகிவிட்டது, முடிவு நாளும் தள்ளிப் போகிறது. இதற்கெல்லாம் கெட்ட மனிதர்கள் வேண்டியதில்லை. காசு வரும் திசை மாறினாலே போதும்.

கெட்டுப்போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு பிரித்தானியாவில் ஓர் உதாரணம் உண்டு. 2007 தொடக்கத்தில் ஜிகாப் மீடியா என்ற நிறுவனத்தின் 30 உள்ளூர் வானொலி நிலையங்கள் "இரகசிய ஒலி" என்று ஒரு போட்டி வைத்தன. ஏதோ ஒரு பொருளின் சத்தத்தைப் போடுவார்கள். அது என்னவென்று நேயர்கள் குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும். பிழையான விடை அனுப்பியவர்களையே தெரிந்தெடுத்து ஒலிபரப்பில் பேச வைத்தார்கள், போட்டி நீளட்டும் என்று. சரியான விடையை அனுப்பிவிட்டு வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் தோற்கவில்லை, அவரைப் போட்டிக்குள்ளேயே எடுக்கவில்லை. காசை மட்டும் எடுத்தார்கள். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஒஃப்கொம் 2008 ஜூனில் 11 இலட்சத்து 10 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தது.

இங்கே அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தாலும் உங்கள் அம்மாவுக்குத் தெரிய வழியில்லை, என் முறைப்பாடு அதுதான். எத்தனை பேர் அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு மூடினார்கள், யார் எப்படித் தெரிந்தெடுத்தார்கள்? எதுவும் காதில் விழுவதில்லை. "வரிகளும் நிபந்தனைகளும் உண்டு" என்பதை மட்டும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரைப் போல ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பரிசை அறிவிக்கும் அதே வாயால் வந்த செய்திகளின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். கணினி ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் அறவிட வேண்டுமே. 40 ஆயிரம் செய்தி வந்தது, பரிசு ஒரு மிக்ஸி என்று கேட்டால் அம்மா 64ஆவதை அனுப்புவாரா என்பது அவர் பாடு. கேட்ட பிறகு அனுப்பினால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இன்னொன்று. அம்மா மிக்ஸிக்காக 63 தடவை அனுப்பினார் என்று நான் நம்பவில்லை. "என்ன அம்மா, இன்னும் அனுப்பவில்லையா?" என்று அறிவிப்பாளர் கேட்கும்போது, நாள் முழுவதும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்கும் ஒரே கேள்வி அது. தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குச் சொல்லி அந்த எண்களைத் தடுக்கச் சொல்லலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அல்லது மாதாமாதம் பட்டியல் வரும் இணைப்பை விட்டு, 300 ரூபா ரீலோட் போட்டுக் கையில் கொடுங்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்று அவரே முடிவெடுக்கட்டும்.

லொத்தர்ச் சீட்டு வாங்குவதை யாரும் குறை சொல்வதில்லை. இதை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?
*வாசகர், மருதானை*

லொத்தர் தன்னை லொத்தர் என்று சொல்லிக்கொள்கிறது. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது. சீட்டில் விலை அச்சிட்டிருக்கிறது, சீட்டிழுப்பு நாள் அச்சிட்டிருக்கிறது, வென்ற இலக்கம் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. நான் வாங்குவதில்லை, அது வேறு விடயம்.

பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இந்த இடத்தில் நன்றாகக் கோடு போட்டிருக்கிறது. போட்டி என்றால், கணிசமானவர்களை வெல்லவிடாமலோ கலந்துகொள்ளவே தயங்கும்படியோ செய்யும் அளவுக்கு அது திறமையைக் கேட்க வேண்டும். மகாவலியா நைலா என்று கேட்டுவிட்டுக் காசும் வாங்கினால், பெயர் என்னவாக இருந்தாலும் அது லொத்தர். சாதாரணக் கட்டணத்தில் அனுப்பும் செய்தியை அந்தச் சட்டம் காசு வாங்கியதாக எடுப்பதில்லை. கூடுதல் கட்டணச் செய்தியை எடுக்கிறது. ஆகவே அங்கே இலவசமாகக் கலந்துகொள்ள இன்னொரு வழியையும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. தபாலட்டை கூடப் போதும். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி என் தபாலட்டைக்கே வந்துவிட்டோம்.

நான் ஒரு வானொலியில் வேலை செய்கிறேன். ஒருநாள் போட்டிக்கு வந்த சரியான விடைகளில் முதலாவதை எடுத்தேன். "குரல் சரியில்லை, வேறு ஆளை எடு" என்றார் மேலே இருப்பவர். எடுத்தேன். அது பெரிய தப்பா?
*பெயர் வேண்டாம், கிராண்ட்பாஸ்*

தப்புத்தான் தம்பி. எழுதிக் கேட்டிருக்கிறீர்களே, உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

காசு வராத இடத்தில்கூட இது நடக்கும். பிபிசியின் 6 மியூசிக் வானொலியில், முன்கூட்டியே பதிவு செய்த நிகழ்ச்சியை நேரலை என்று சொல்லிப் போட்டார்கள். நேயர்களைப் போட்டிக்கு அழைத்தார்கள். வென்றவர்களாகப் பேசியவர்கள் நிகழ்ச்சி ஊழியர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும். இதற்கும் இதுபோன்ற வேறு நிகழ்ச்சிகளுக்குமாக 2008 ஜூலையில் பிபிசி கட்டிய தண்டம் 4 இலட்சம் பவுண். யாரும் காசு அடிக்க நினைக்கவில்லை. நிகழ்ச்சி தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். உங்கள் மேலதிகாரிக்கும் அதே ஆசை. நல்ல குரல் வேண்டும் என்றால் அதை முதலிலேயே நேயர்களிடம் சொல்லட்டும்: "குரல் நன்றாக இருந்தால்தான் எடுப்போம், 20 ரூபா." யார் அனுப்புகிறார்கள் பார்க்கலாம்.

அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்.

எங்கே முறையிடுவது?
*வாசகர், தெகிவளை*

முதலில் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம், திகதியும் எண்ணும் குறித்து. அசைவில்லை என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு. விலையை மறைத்தார்கள், சொன்ன பரிசைத் தரவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, 1977க்கு அழைக்கலாம். செய்திகளை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான்.

நீங்கள் அனுப்பியதே இல்லையா?
*வாசகி, மட்டக்குளி*

அனுப்பினேன். ஒரு போயா தினத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே சும்மா இருந்தபோது. "சரியான விடை! இன்னொரு கேள்விக்குப் பதிலளித்தால் உங்கள் வாய்ப்பு இரட்டிப்பாகும்" என்று பதில் வந்தது. இரட்டிப்பு என்றால் எதிலிருந்து எதற்கு என்று கேட்கத் தெரியாதவனா நான்? கேட்கவில்லை. ஒன்பது தடவை இரட்டிப்பாக்கினேன். பத்தாவதில் என் கைப்பேசியில் காசு தீர்ந்துவிட்டது. ரீலோட் கடைக்குள்ளேயே இருந்துகொண்டு!

வென்றது ஒரே ஒருமுறை, பல ஆண்டுகளுக்கு முன்பு, தபாலட்டையில். ஒரு குடை கிடைத்தது. அதை 155ஆம் இலக்க பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.