காம்பேட் லேயரில் ஒட்டடை அடிக்கும்போது: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. லினக்ஸ் டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் ஓடவைக்கும் லினக்ஸ்கேபிஐ மாதிரியான காம்பேட் லேயர், அல்லது கெர்னலுக்கு வெளியே வளரும் டிரைவரின் காம்பேட் ஹெடர் (பழைய, புதிய கெர்னல் இரண்டிலும் டிரைவரை ஓடவைக்கும் கோப்பு). அதற்குள் என்றோ யாரோ எழுதிவைத்த வகுத்தல், ரவுண்டிங், செக்சம் (தரவு கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்) ஃபங்ஷன்கள் கிடக்கின்றன. இப்போது கெர்னலே அவற்றைத் தருகிறது. எடுத்துவிடலாமா என்பதுதான் விஷயம்.

“ஓடுகிற கோடில் கை வைக்காதே” என்கிறார் டீம் லீட். சும்மா கிடப்பதை எடுத்து என்ன லாபம்?

சும்மா கிடந்தால் அவர் சொல்வது சரிதான், ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. கெர்னல் அதே பெயரில் ஒரு ஃபங்ஷனைக் கொண்டுவரும் அன்று உங்கள் பில்ட் உடையும். உடனே ஒருவர் பதிப்பு எண்ணைப் பார்த்து ஒரு கண்டிஷன் போடுவார். லினக்ஸை விநியோகிப்பவர்கள் தரும் டிஸ்ட்ரோ கெர்னல்களோ பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே புதிய ஃபங்ஷன்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகவே அந்தக் கண்டிஷனுக்கு மேல் இன்னொரு கண்டிஷன் வரும். நான்கைந்து வருடம் போனால் அந்த ஹெடரைத் திறக்கவே யாருக்கும் மனசு வராது.

வேகத்தையும் பாருங்கள். சிஆர்சி32 என்ற செக்சம் இருக்கிறதே, அதன் உங்கள் நகல் 256 கட்ட டேபிளை வைத்துக்கொண்டு பைட் பைட்டாக நடக்கும். இன்டெல் 2008-இல் நெஹேலம் சிப்களோடு கொண்டுவந்த எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுப்பில் சிஆர்சி32சி-க்கென்றே (அதன் இன்னொரு வகை) ஒரு கட்டளை உண்டு. சாதாரண சிஆர்சி32-க்கு அது உதவாது, அங்கே பிசிஎல்எம்யூஎல் என்ற பெருக்கல் கட்டளையை வைத்துச் சுற்றி வரவேண்டும். இந்த வேலையையெல்லாம் கெர்னல்காரர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். 2025-இல் வந்த லினக்ஸ் 6.14-இலிருந்து சிஆர்சி32 லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிட்டாலே அந்தந்த சிப்புக்கான வேகமான கோடு நேராக ஓடும். நகலை வைத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

நாங்கள் சொந்தமாக வைத்திருந்த 64-பிட் வகுத்தலை எடுத்தேன். 64-பிட் பில்ட் சரியாக வருகிறது. 32-பிட் ஆர்மில் மட்டும் “__ஏஇஏபிஐ_யூஎல்டிவ்மாட் இல்லை” என்று லிங்க்கர் நிற்கிறது. அந்தப் பெயரை நான் எங்கேயும் எழுதவே இல்லையே?

நீங்கள் எழுதவில்லை, கம்பைலர் எழுதியது. 32-பிட் சிப்பில் 64-பிட் எண்ணை ஒரே கட்டளையில் வகுக்க முடியாது. ஆகவே சாதாரண வகுத்தல் குறி போட்ட இடத்தில் ஜிசிசி கம்பைலர் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிடும். அது இருப்பது ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி லைப்ரரியில். ஆர்ம் லினக்ஸ் கெர்னல் அதோடு லிங்க் ஆவதில்லை, கெர்னலும் வேண்டுமென்றேதான் அதைத் தராமல் வைத்திருக்கிறது: விலை உயர்ந்த 64-பிட் வகுத்தலைத் தெரியாமல் யாரும் போட்டுவிடக் கூடாது. ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கம் வேறு, அங்கே கெர்னலுக்குள்ளேயே இருக்கும் லிப்கெர்ன் லைப்ரரி இந்த ஃபங்ஷனைக் கொடுத்துவிடும். அங்கே ஓடிய கோடு இங்கே லிங்க் ஆகாமல் நிற்பது இதனால்தான்.

வகுத்தல் குறிக்குப் பதில் லினக்ஸ் கெர்னலின் டூ_டிவ் அல்லது டிவ்_யூ64 போட்டால் சரியாகிவிடும். ஆனால் இரண்டிலும் ஒவ்வொரு பொறி உண்டு. டூ_டிவ் ஒரு மேக்ரோ. அது திருப்பித் தருவது மீதியை, ஈவு நீங்கள் கொடுத்த மாறிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய ஃபங்ஷன் ஈவைத் திருப்பித் தந்திருந்தால், பெயரை மட்டும் மாற்றிய இடங்களிலெல்லாம் கணக்கு தலைகீழாகும். டிவ்_யூ64-இல் வகுக்கும் எண் 32 பிட்தான். அதில் 4294967296-ஐக் கொடுத்துப் பாருங்கள்: மேல் பாதி வெட்டுப்பட்டு பூஜ்யமாகிவிடும், எக்ஸ்86-இல் பூஜ்யத்தால் வகுத்துக் கெர்னல் விழும். இரண்டு பக்கமும் 64 பிட் என்றால் டிவ்64_யூ64.

“32-பிட் செத்துவிட்டது, விடுங்கள்” என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஃப்ரீபிஎஸ்டி 15-இல் ஐ386 கெர்னல் போய்விட்டது, உண்மைதான். ஆர்ம்வி7 இன்னும் இருக்கிறது.

எங்கள் சிஆர்சி32-ஐ எடுத்துவிட்டு கெர்னலுடையதைப் போட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். பழைய டிஸ்க்கை மாட்டினால் ஒவ்வொரு பிளாக்கும் செக்சம் எர்ரர். எங்கே தவறு?

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் டெஸ்ட்டுகள் பச்சையாகவே இருந்தன. ஏன் இருக்காது? எழுதியதும் புதிய ஃபங்ஷன், படித்துச் சரிபார்த்ததும் அதே ஃபங்ஷன். இரண்டும் சேர்ந்து தப்பாக இருந்ததால் ஒத்துப்போயின. ஆறு மாதத்துக்கு முன் எழுதிய டிஸ்க்கை ஒருவர் செருகிய அன்றுதான் குட்டு உடைந்தது.

சிஆர்சி32 என்ற பெயர் பாதிக் கதைதான். எந்தப் பல்லுறுப்புக்கோவை, பிட் வரிசை எது, தொடக்க மதிப்பு என்ன, கடைசியில் பிட்டுகளைப் புரட்டுகிறோமா (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும்) என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது முழுசு. லினக்ஸின் சிஆர்சி32_எல்இ முன்னாலும் புரட்டாது, பின்னாலும் புரட்டாது, அதைக் கூப்பிடுபவர்தான் செய்துகொள்ள வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியின் சிஆர்சி32 இரண்டையும் தானே செய்துவிடும். அங்கே லினக்ஸுடையதற்கு நிகர் சிஆர்சி32_ரா. அதிலும் ஆர்குமென்ட் வரிசை வேறு: லினக்ஸில் தொடக்க மதிப்பு முதலில் வரும், ஃப்ரீபிஎஸ்டியில் கடைசியில். மாற்றிக் கொடுத்தால் கம்பைலர் கத்தும். அதன் வாயை அடைக்க ஒரு காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டீர்களோ, தொலைந்தது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 1 முதல் 9 வரையிலான ஆஸ்கி எழுத்துகளை, ஒன்பதே பைட், உள்ளே கொடுத்து விடையைத் தசமத்தில் அச்சிடுங்கள். 3421780262 வந்தால் வழக்கமான சிஆர்சி32. 873187033 வந்தால் அதேதான், கடைசிப் புரட்டல் மட்டும் இல்லை. இரண்டையும் கூட்டினால் 4294967295 வரும். 3808858755 வந்தால் அது சிஆர்சி32சி, வேறு பல்லுறுப்புக்கோவை. பழைய ஃபங்ஷனை அழிக்கும் முன்பே அதற்கு இதைச் செய்து, விடையைக் கமிட் செய்தியில் எழுதிவையுங்கள்.

புரட்டாமல் விடுவது எப்போதும் பிழை என்றும் நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய ஃபைல் சிஸ்டம்கள் இரண்டுமே மெட்டாடேட்டாவுக்கு சிஆர்சி32சி-தான். எக்ஸ்எஃப்எஸ் கடைசியில் புரட்டும், எக்ஸ்ட்4 புரட்டாது. டிஸ்க்கில் ஒருமுறை எழுதிவிட்டால் அதுதான் சட்டம்.

ரவுண்டிங் மேக்ரோக்களை ஒன்றுக்கு இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா?

பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக வேண்டாம். 10-ஐ 6-இன் மடங்காக உயர்த்த வேண்டும். ரவுண்டப் 12 தரும், சரி. லினக்ஸின் ரவுண்ட்_அப் 14 தரும். பிஎஸ்டியின் ரவுண்டப்2 பத்தையே திருப்பித் தரும். கடைசி இரண்டும் 2-இன் அடுக்குகளுக்கு மட்டுமே எழுதப்பட்டவை, வேறு எண் கொடுத்தால் ஆளுக்கொரு தப்பு விடை.

இன்னொன்று. ஓர் எண் 2-இன் அடுக்கா என்று பார்க்க லினக்ஸில் இஸ்_பவர்_ஆஃப்_2, பிஎஸ்டியில் பவர்ஆஃப்2. பூஜ்யத்தைக் கேட்டால் முதலாவது இல்லை என்று சொல்லும், இரண்டாவது ஆமாம் என்று சொல்லும். நீளம் பூஜ்யமாக வரக்கூடிய இடத்தில் முதலாவதை எடுத்து இரண்டாவதைப் போட்டால், வாசலில் நின்ற காவலாளியையே அனுப்பிவிட்டதாக அர்த்தம்.

லினக்ஸ் ஹெடரிலிருந்து அப்படியே காப்பி அடித்த ஃபங்ஷன் எங்கள் பிஎஸ்டி உரிமக் கோப்பில் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், லினக்ஸ் ஜிபிஎல் 2. அழிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, முதலில் அதை எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சாக அனுப்பலாமா?

வேண்டாம். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு பேட்ச். யாரும் கூப்பிடாதவை முதலில், அதை ரிவியூ செய்பவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அடுத்து ரவுண்டிங், பிறகு வகுத்தல், அதற்கு 32-பிட் பில்ட் போட்டுப் பார்த்த விவரத்தோடு. செக்சம் கடைசியில் தனியாகப் போகட்டும். நாளை பழைய டிஸ்க்கோடு யாராவது வந்து நின்றால், எந்தக் கமிட்டில் கெட்டது என்று தேடும் பைசெக்ட் அந்த ஒரு கமிட்டைக் காட்டும், அதை மட்டும் ரிவர்ட் செய்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவைக்கலாம்.