நடுவருடத்தில் நாகர்கோவிலுக்குக் குடிவருகிறோம். டி.சி. வரும் வரை பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா?

மும்பையிலிருந்து அக்டோபரில் வருகிறோம், மகள் 5ஆம் வகுப்பு, மகன் 2ஆம் வகுப்பு, பழைய பள்ளியில் டி.சி. தர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

நாங்கள் புனேயிலிருந்து தக்கலைக்கு வந்தபோது முதலில் போன பள்ளியில் டி.சி. இல்லாமல் பேசவே மாட்டோம் என்றார்கள். அதுதான் விதி என்று நம்பி மூன்று வாரம் மகளை வீட்டில் உட்கார வைத்தேன், இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி ஒரு அரசு உதவி பெறும் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை பிறப்புச் சான்றையும் பழைய ரேங்க் கார்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "டி.சி. வரும்போது வரட்டும் சார், பிள்ளைய நாளைக்கே அனுப்புங்க" என்றார். சட்டம் சொல்வதும் இதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, 8ஆம் வகுப்பு வரை, அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. ஆனால் கிளம்புவதற்கு முன் பழைய பள்ளியில் ஒன்று கேட்டுவிடுங்கள்: யூடைஸ் பதிவிலிருந்து, அதாவது நாடு முழுக்க உள்ள பள்ளி மாணவர்களின் கணினிப் பதிவிலிருந்து, பெயரை விடுவித்தாயிற்றா என்று. அது நடக்காவிட்டால் இங்கே பிள்ளை வகுப்பில் இருக்கும், கணினியில் இருக்காது.

மகள் விஷயம்தான் முக்கியம். ஜூனில் 6க்குப் போகிறாள் இல்லையா, எந்தப் பள்ளி என்பதை அதற்குள் யோசித்து வையுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். குமரி மாவட்டத்தில் நல்ல பெயர் வாங்கிய பள்ளிகளில் நிறைய உதவி பெறும் பள்ளிகள், பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகள் நடத்துபவை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறார்கள், அங்கே படித்தால் இந்த ஒதுக்கீடு கிடையாது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் மட்டும் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. படிப்பின் தரம் வேறு விஷயம், அதை நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் தமிழ். மாநிலப் பாடத்திட்டத்தில் அது கட்டாயப் பாடம், 2006லேயே சட்டம் வந்துவிட்டது. என் மகளுக்குப் பேச வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. முதல் நாள் தமிழ் வகுப்பில் அழுதிருக்கிறாள், டீச்சர் "அழாத மக்களே, நான் இருக்கேன்லா" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது பஸ் போர்டு. தினமும் சாயங்காலம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நிற்போம், வருகிற வண்டியை எல்லாம் அவள் எழுத்துக்கூட்டுவாள். கருங்கல் சீக்கிரம் வந்தது, குலசேகரம் வந்தது, திருவட்டாறு கொஞ்சம் இழுத்தது. திங்கள்சந்தையில் 'ங்க'வைத் தாண்டுவதற்குள் வண்டி கிளம்பிவிடும், அடுத்த வண்டிக்குக் காத்திருப்போம். பொங்கலுக்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். உங்களுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, அங்கே இன்னும் நிறைய வண்டி.