தேதிக்கு ராசி உண்டா?

கே: ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும் பிறந்தது ஒரே நாளில், 1809 பிப்ரவரி 12. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் மறைந்ததும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23. சில தேதிகளுக்கென்று தனி ராசி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறீர்களா? என் பிறந்தநாளும் பிப்ரவரி 12தான்.

ப: கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்ற வாக்கியங்கள் என்று புரிகிறது. வாழ்த்துகள். உலக மக்கள்தொகை 800 கோடி. 365ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் ராசிக்கு 2 கோடிக்கும் அதிகமான பங்காளிகள்.

ராசி என்று எழுதிவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியாது. ஜோசியர்களோடு என் வழக்கு பழையது. லிங்கன் கென்டக்கியில் ஒற்றை அறை மரக்குடிசையில் பிறந்தார்; பள்ளிக்கூடம் போன நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. டார்வின் இங்கிலாந்தில் வசதியான டாக்டர் வீட்டுப் பிள்ளை. மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினால் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அவர் 73 வயதுவரை இருந்து சொந்த வீட்டில் கண்மூடினார். லிங்கன் 56 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'பிறந்த நேரம் வேறு, ஊர் வேறு, லக்னம் வேறு' என்று கடிதம் வரும். வரட்டும். அப்படியானால் தேதியை விட்டுவிடலாமே?

உங்கள் இரண்டாவது ஜோடி இன்னும் மோசம். அவர்கள் ஒரே நாளில் சாகவே இல்லை. ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. போப் சொல்லி நாம் கேட்பதா என்று இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே கட்டிக்கொண்டு அழுதது. ஆகவே ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 வந்தது, ஸ்பெயினின் ஏப்ரல் 23க்குப் பத்து நாள் கழித்து. அதிலும் செர்வாண்டிஸ் 22ஆம் தேதியே இறந்துவிட்டார், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 'வரலாற்றில் இன்று' தொகுப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! எங்கள் பத்திரிகையிலேயே, பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம் மிஞ்சினால் போதும், உதவி ஆசிரியர் ஒரு போரையும் ஒரு நடிகையின் பிறந்தநாளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். வாசகர்கள் முதலில் படிப்பதும் அதைத்தான். என் தலையங்கம் அப்புறம்.

தேதியில் விசேஷம் வேண்டுமென்றால் மொரார்ஜி தேசாயிடம் போங்கள். 1896 பிப்ரவரி 29. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருஷம், 1900 தேறவில்லை. எனவே மனிதருக்கு முதல் பிறந்தநாளே எட்டு வயதில்தான் வந்தது. 1977இல், 81 வயதில் பிரதமரானபோது அவர் கண்டிருந்த பிறந்தநாட்கள் 19. அப்போது ஓட்டுப் போடவே 21 ஆகியிருக்க வேண்டும்! 1995இல் 99 வயதில் காலமானபோதும் கணக்கு 23தான். மக்களவைக்கு வேட்புமனு போட 25 வேண்டும்; இன்னும் இரண்டு பாக்கி.