குதிக்காலில் முள் வளர்ந்தால் ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டுமா?

"அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தமும் இருக்கு. விடிய எழும்பி முதல் அடி வைக்கேக்க குதிக்கால் குத்துதாம். எக்ஸ்ரேயில முள் வளர்ந்திருக்கு எண்டு சொல்லினம். ஒப்பரேஷன் இல்லாமல் மாத்தலாமா? வேற ஸ்கேன் எடுக்கோணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியன் இல்லை. கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் பதினெட்டு வருடமாக நின்றே பிழைக்கிறவன். அதே முள்ளோடு ஒரு வருடத்துக்குக் கிட்ட அலைந்தேன். எங்கள் அப்பாவுக்கும் சீனி. ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் எங்கள் வீட்டில் நடந்ததுதான்.

எனக்குத் தொடங்கியது ஓர் ஆடிவேல் திருவிழா முடிந்த கையோடு. செட்டியார் தெருவிலிருந்து தேருக்குப் பின்னால் பம்பலப்பிட்டி வரை வெறுங்காலோடு நடந்தேன். வருடம் முழுக்கக் கடை டைல்ஸில் நிற்கிற கால், ஒரே நாளில் தாரில் அவ்வளவு தூரம். இரண்டு கிழமையில், விடியக் கட்டிலால் இறங்கினால் இடது குதிக்காலில் ஆணி ஏறின மாதிரி. சுவரைப் பிடித்துப் பத்தடி நடந்தால் குறையும். 100ஆம் நம்பர் பஸ்ஸில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு இறங்கினால் திரும்பக் குத்தும்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காசு கட்டி நேரம் எடுத்து, சனல் பண்ணிப் போனேன். இரண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளே இருந்தது நாலு நிமிடம். சப்பாத்தைக் கழற்றச் சொல்லவே இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து "முள்ளு வளர்ந்திருக்கு" என்றார், எம்ஆர்ஐ எடுக்கத் துண்டு எழுதித் தந்தார். படத்தில் குதிக்கால் எலும்பின் அடியில் சூடை மீன் முள் அளவில் ஒன்று முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். அதைப் பார்த்த பிறகு வலி இரண்டு மடங்கானது. நடக்கும்போதெல்லாம் அந்த முள் சதைக்குள் இறங்குவது கண்ணுக்குள் தெரிந்தது. வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து வெட்டி எடுப்பதென்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

எம்ஆர்ஐக்குக் காசு சேர்க்க முதல், மச்சான் இழுத்துக்கொண்டுபோய் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் ஒன்றில் காட்டினான். அங்கே இருந்த வயதான டொக்டர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலைப் பிடித்தார். பெருவிரலை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு, மற்றக் கைப் பெருவிரலால் குதிக்காலின் உட்பக்க முன் ஓரத்தில் ஓர் அழுத்து. கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பிறகு குதிக்காலை இரண்டு பக்கத்தாலும் நெரித்துப் பார்த்தார். அதில் நொந்தால் எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாமாம். அப்போதுதான் எம்ஆர்ஐ என்ற பேச்சே வருமாம். கணுக்காலின் உட்பக்கம் தட்டி, மின்சாரம் மாதிரி ஓடுகிறதா என்று கேட்டார். அது நரம்புக்கு. எனக்கு இரண்டும் இல்லை.

"தம்பி, முள்ளைக் குற்றம் சொல்லாதேங்கோ. வருத்தமே இல்லாத எத்தினையோ பேருக்கு இது இருக்கு" என்றார். வலி வருவது குதிக்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் வில்லின் நாண்போல ஓடுகிற தடித்த சவ்விலிருந்து. பிளான்டார் ஃபேசியைடிஸ் என்று பெயர். பெயர் அழற்சி என்று சொன்னாலும், நாள்பட்ட நோயில் அழற்சியைவிட நைந்துபோன இழைகள்தான் அதிகமாம். முள் பெரும்பாலும் அந்தச் சவ்வுக்குள் இருப்பதுகூட இல்லை, அதற்கு மேலே உள்ள தசை ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஓட்டுக்கூரை ஒழுகுவதற்குப் பக்கத்து வீட்டு மாமரத்தைத் தறிக்கிற கதை.

ஸ்கேன் ஒன்று எடுத்தேன், ஆனால் எம்ஆர்ஐ இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டில் விளிம்பில் தொங்க, குளிர்ந்த ஜெல் பூசிப் பார்த்தார்கள். திரையை என் பக்கம் திருப்பியதால் நானும் பார்த்தேன். வலது காலில் அந்தச் சவ்வு மெல்லிய நாடா மாதிரி, 3.3 மில்லிமீட்டர். இடது காலில் எலும்போடு ஒட்டும் இடத்தில் கறுத்து வீங்கி 5.9. பொதுவாக 4க்கு மேல் போனால் தடித்திருக்கிறது என்று எடுக்கிறார்கள். இந்த ஸ்கேனில் எனக்குப் பிடித்தது, விரலை ஆட்டச் சொல்லி அசைவோடு பார்க்கலாம், நொந்த இடத்திலேயே கருவியை வைக்கலாம், நல்ல காலோடு ஒப்பிடலாம். கதிர்வீச்சும் இல்லை. பாத வளைவு, மூட்டு இடைவெளி பார்க்கவேண்டியவர்களுக்கு எக்ஸ்ரே தேவைதான். ஆனால் அதை நின்றபடி, பாதத்தில் பாரம் ஏற்றி எடுக்கவேண்டும். படுத்திருக்கிற காலின் படம் நடக்கிற காலைப் பற்றி என்ன சொல்லும்? இப்போது நின்றபடியே எடுக்கிற சீடி ஸ்கேன் கருவிகளும் வந்துவிட்டன. குதிக்கால் வலிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இனிச் சிகிச்சை. பெரிய கருவிக் கதையை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். எனக்குத் தந்தது ஒரு துவாய்.

கட்டிலால் இறங்க முதலே, நோகிற காலை மற்றத் தொடையில் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து செக்கன் பிடிக்கவேண்டும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை. இது ஒரு மாதம். பிறகு படிக்கட்டு வேலை. துவாயைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மூன்று செக்கனில் குதிக்காலை உயர்த்தி, இரண்டு செக்கன் நிறுத்தி, மூன்று செக்கனில் இறக்கவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். பழகப் பழக முதுகில் பாரம். டென்மார்க்கில் 2014இல் வெளியான ஆய்வில் முதுகுப் பையில் புத்தகம் அடுக்கினார்களாம். நான் மகளின் ஸ்கூல் பையில் ஐந்து கிலோ சம்பா அரிசி போட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் படியில் இரவு பத்து மணிக்கு அரிசி மூட்டையோடு ஒற்றைக் காலில் நிற்கிறவனைப் பார்த்து மூன்றாம் மாடி அன்ரி, "என்ன தம்பி, நேர்த்தியே?" என்று கேட்டா.

அந்த ஆய்வில் மூன்று மாதத்தில் படிக்கட்டுக்காரர் இழுத்துப்பிடித்தவர்களை முந்தினார்கள், ஒரு வருடத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். ஆகவே அம்மாவால் படியில் நிற்க முடியாதென்றால் கவலைப்படாதீர்கள்.

இடையில் பொறுமை கெட்டு ஊசிக்குக் கேட்டேன். ஸ்டீரொய்ட் ஊசி சில கிழமைக்குச் சுகம் தரும், திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகலாம், குதிக்காலின் கொழுப்பு மெத்தையும் கரையலாம் என்று டொக்டர் மறித்தார். சீனி உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும் என்பதையும் அம்மாவுக்காகச் சொல்லிவைக்கிறேன். சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து ஏற்றுகிற பிஆர்பிக்கு விளம்பரம் இருக்கிற அளவுக்குச் சான்று ஒரே பக்கமாக இல்லை.

நான் எடுத்தது ஷொக்வேவ் என்கிற அதிர்வலைச் சிகிச்சை. பயிற்சி தொடங்கி நாலு மாதமாகியும் பாதி வலி மிஞ்சியிருந்ததால், கிழமைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, டக்டக்கென்று இரண்டாயிரம் அடி. முதல் நிமிடம் பல்லைக் கடிக்கவேண்டும். இது சிறுநீரகக் கல்லை உடைக்க மியூனிக்கில் 1980இல் முதன்முதலாக ஒரு நோயாளியில் பாவித்த அதிர்வலையின் வழி வந்தது. குதிக்காலுக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. கல்லை உடைத்த கருவி முள்ளையும் உடைக்கும் என்று பலர் நம்பிக்கொண்டு போகிறார்கள். முள்ளைத் தொடுவதில்லை, நைந்த சவ்வைத் திரும்ப ஆறத் தூண்டுவதுதான் அதன் வேலை. ஷொக்வேவா துவாயா எது என்னைச் சுகமாக்கியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பத்தாவது மாதம் ஒருநாள் குசினிவரை போன பிறகுதான், சுவரைப் பிடிக்காமல் நடந்திருக்கிறேன் என்று உறைத்தது. அடுத்த வருடம் அதே கணுக்கால் பிரண்டு எக்ஸ்ரே எடுத்தபோது முள் அதே நீளத்தில் அப்படியே இருந்தது.

ஆனால் அம்மாவை என் கணக்கில் போடாதீர்கள். எனக்கு வலித்தது, காட்டப் போனேன். எங்கள் அப்பா வலியே தெரியாமல், செருப்புக்குள் கிடந்த திருகாணியோடு ஒரு முழுநாள் நடந்தார். பின்னேரம் நிலத்தில் இரத்தத்தைக் கண்டு எங்கள் அம்மாதான் கத்தினா. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க அப்பாவுக்குச் செய்த சோதனை ஒரு நைலோன் நூல். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நூல். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார்கள். அப்பா பேசாமல் இருந்தார். இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தாராம். பிறகு கணுக்காலில் பேனா மாதிரி டொப்ளர் கருவியை வைத்து இரத்த ஓட்டத்தைக் கேட்டு, கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்தார்கள். 0.9க்குக் கீழே போனால் இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கலாம். சீனிக்காரருக்குக் குழாய் கல்லாய் இறுகி எண் பொய்யாகக் கூடவும் வரும், ஆகவே எண்ணை மட்டும் நம்பமாட்டார்களாம்.

ஓட்டம் நன்றாக இருந்ததால், பாதம் முழுக்க ஒட்டிப் பாரத்தைப் பரப்புகிற மாவுக்கட்டை முழங்காலுக்குக் கீழே வரை போட்டார்கள். வேலூரில் தொழுநோயாளரின் உணர்விழந்த பாதங்களோடு வேலை செய்த டொக்டர் போல் பிராண்ட், பிறகு அமெரிக்காவுக்குப் போய் அங்கே பரப்பிய முறை அது. ஏழு கிழமையில் புண் மூடியது. இப்போது எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, கிழமைக்கு ஒருநாள் நான் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கிறேன்.

ஆகவே அம்மாவுக்கு அந்த நூல் சோதனை நடக்கும் வரை ஐஸ் போத்தல் உருட்டுவது, சுடுதண்ணி ஒத்தடம், படியில் பாரம் எதுவும் வேண்டாம். கால் ஒரு பக்கம் மட்டும் சூடாகி, சிவந்து, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் உள்ளே எலும்பு நொறுங்குகிற நிலை சீனிக்காரருக்கு உண்டு, அங்கேதான் எம்ஆர்ஐக்குப் போடும் காசு காசு. கிளினிக்குக்குப் போகும்போது, அம்மா வீட்டில் போடுகிற செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கோ.