விமானம் இருக்கும்போது கப்பல் எதற்கு?

"இவ்வளவு விமானங்கள் பறக்கும் காலத்தில் கப்பலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை மாட்டுங்காவில் இருப்பவன் நான். எங்கள் சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன். சாம்பாருக்கான துவரம் பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வருகிறது. அப்பளம் பொரிக்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா சரக்கு. உலக வர்த்தகத்தில், சரக்கின் அளவைப் பார்த்தால், 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழிதான்.

காரணம் செலவு; விமானத்தைவிடக் கப்பலில் மிகக் குறைவு. முன்பெல்லாம் மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றி இறக்கவே நாள்கணக்கில் ஆகும். 1956-இல் அமெரிக்காவில் லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 சரக்குப் பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். அங்கிருந்துதான் கன்டெய்னர் யுகம். கிரேன் பெட்டியைத் தூக்கி நேராக லாரியில் வைத்துவிடும். இன்று பெரிய கப்பல் ஒன்றில் இருபதடிப் பெட்டிகள் சுமார் 24,000 ஏறும். எங்கள் எதிர்க்கரையில் நவா சேவா துறைமுகச் சாலையின் டிரெய்லர் வரிசையைப் பார்த்தாலே புரியும். (அதில் மாட்டிக்கொண்டால் வரும் எரிச்சல் வேறு கதை.)

சரி, கப்பல் போக்குவரத்து நின்றுபோனால்? 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன. மறுவருடம் போரால் உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கியபோது, அங்கிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெயின் விலை இங்கே மளிகைக் கடையில் எகிறியது.