தொடக்கப் பள்ளியில நடக்குறத வீட்டுக்குத் தெரியப்படுத்த வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதுமா?

நான் சின்ன கிளாஸ் டீச்சர்தான், அதனால அனுபவத்துல சொல்றேன். குரூப் இருக்கட்டும், ஆனா அட்மின் மட்டும் மெசேஜ் போடுற செட்டிங்க ஆன் பண்ணிடுங்க. இல்லேன்னா நாளைக்கு அரை நாள்தான்னு நீங்க போட்டது வரிசையா வர்ற "ஓகே மேம்", "நன்றி மேம்"க்கு மேல எங்கயோ போயிடும், மறுநாள் மதியம் கூட்டிட்டுப் போக ஆள் வராம ரெண்டு பிள்ளைங்க கேட் கிட்ட நிக்கும். பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போறது) போடுங்கன்னு சிலர் சொல்வாங்க, ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பர சேவ் பண்ணி வச்சவங்களுக்கு மட்டும்தான் அது போகும், யாருக்குப் போகலைன்னு நாமளா தேடிப் பாத்தாத்தான் உண்டு.

சரி, எதுல அனுப்புறோம்ங்கறத விட என்ன அனுப்புறோம்ங்கறதுதான் பெரிய விஷயம். லீவு, மீட்டிங், கொண்டுவர வேண்டிய சாமான் இதெல்லாம் தனி மெசேஜ், தேதியும் கிழமையும் முதல் வரியிலயே வரணும், அவ்ளோதான். கிளாஸ்ல நடக்குறத அதோட கலக்காதீங்க.

வீட்ல "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா பிள்ளை "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லும். மறைக்குதுன்னு இல்ல, ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பெருசு, ஒரு நாள் முழுசையும் எங்கேர்ந்து ஆரம்பிக்குறது? அதனால நான் வாராவாரம் மூணு நாலு வரி எழுதுவேன், அதுல வீட்ல கேக்க ஒரு கேள்வி கண்டிப்பா இருக்கும். ஈரப் பஞ்சுல அவரை விதை போட்டோம், வேர் முதல்ல வந்துச்சா தண்டு முதல்ல வந்துச்சான்னு கேளுங்க, இப்படி. அவ்ளோதான், வேர்தான் முதல்லன்னு ஆரம்பிச்சு யாரோட விதை அழுகிச்சு, யார் அழுதாங்க வரைக்கும் தானா வரும். "செயல்வழிக் கற்றல் சிறப்பாக நடைபெற்றது"ன்னு எழுதுனா எந்த அம்மாவும் அத வச்சு ஒரு பேச்சும் ஆரம்பிக்க முடியாது. (மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதி எழுதி நமக்கு அந்த பாஷை ஒட்டிக்குது.)

அதையே அரை நிமிஷ வாய்ஸ் மெசேஜாவும் எல்லாருக்கும் போட்டுடுங்க, யாருக்குப் படிக்க வராதுன்னு விசாரிக்கப் போகாதீங்க. அப்பா அம்மா தனித்தனியா இருந்தா, கோர்ட் தடை எதுவும் இல்லாத பட்சத்துல ரெண்டு பேருக்கும் நேரா அனுப்பணும், பிள்ளைய தபால்காரனாக்கக் கூடாது.

போட்டோவுக்கு வருஷ ஆரம்பத்துலயே எழுத்துல சம்மதம் வாங்குங்க. வேணாம்னு சொன்னவங்க கிட்ட ஏன்னு நோண்டாதீங்க, ஆனா அந்தப் பிள்ளைய ஒவ்வொரு தடவையும் ஓரமா நிக்க வைக்குறது அநியாயம். முகத்த விட்டுட்டு செஞ்ச வேலைய, கைய எடுத்தா முடிஞ்சுது.

பேன், அம்மைன்னு வந்தா பேர் சொல்லவே கூடாது. கிளாஸ்ல ஒருத்தருக்கு சின்னம்மை, தொத்தியிருந்தா 10லேர்ந்து 21 நாளுக்குள்ள தெரியும், காய்ச்சல் கொப்புளம் இருந்தா அனுப்பாதீங்கன்னா போதும். யாரு லீவுன்னு பாத்து கண்டுபிடிக்கத்தான் செய்வாங்க, நாம சொல்லாம இருக்கணும்.

அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு வர்ற "ஹோம்வொர்க் என்ன மேம்"க்கு காலைலதான் பதில்னு முதல் மீட்டிங்லயே சொல்லிடுங்க. இத ஹெச்எம் எல்லா டீச்சருக்கும் சேத்து முடிவு பண்ணணும், ஒருத்தர் மட்டும் ராத்திரி பதில் போட்டா மத்தவங்க கெட்டவங்க ஆயிடுவாங்க. அவசரம்னா ஆபீஸ் நம்பருக்கு கூப்பிடச் சொல்லுங்க. அந்த போன எடுக்க ஆள் இருக்கணும், அது வேற கதை.