கொண்டைக்கடலையின் 'காட்டு உறவு' என்றால் என்ன? பர்மா வயலுக்கு அதனால் என்ன லாபம்?

நாம் விதைக்கும் கொண்டைக்கடலைக்கு, யாரும் விதைக்காமலே முளைக்கும் பங்காளிச் செடிதான் அது. தென்கிழக்குத் துருக்கியின் மலைச்சரிவுகளில் இன்றும் தானாக வளர்கிறது. விதை பொடியாக, சொரசொரப்பாக இருக்கும். காய் முற்றினால் வெடித்துச் சிதறும். சுண்டலுக்கு ஆகாது.

பிறகு எதற்கு அது? சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்து உழவர்கள் சில செடிகளை மட்டும் பொறுக்கி வளர்த்தார்கள். இன்றைய கடலை எல்லாம் அவற்றின் வாரிசுதான். தெரு முழுக்க ஒரே வீட்டு உறைமோரில் தயிர் தோய்ப்பது மாதிரி: அது கெட்டால் எல்லார் வீட்டுத் தயிரும் கெடும். புது உறை வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பர்மாவின் சகாயிங், மண்டலே, மாக்வே வறண்ட நிலங்களில் மழை முடிந்தபின் விதைத்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே கடலை விளைகிறது. கடைசியில் வெயில் ஏறினால் பூ உதிரும், காய் பிடிக்காது. காலையில் நூடுல்ஸ் மேல் ஊற்றித் தரும் மஞ்சள் கடலைமாவுக் கூழான தொஹு நுவேயும் நம் வீட்டுச் சுண்டலும் அந்த ஈரத்தை நம்பித்தான் இருக்கின்றன. காட்டுச் செடிகளிலோ வறட்சி, குளிர், காய்ப்புழு ஆகியவற்றைத் தாங்கும் குணங்கள் கிடைக்கின்றன.

ஆனால் பொறுமை வேண்டும். மகரந்தத்தைக் கையால் தடவி, பிறக்கும் செடியை மறுபடி மறுபடி நாட்டுக் கடலையோடு சேர்த்து, வெடிக்கும் குணத்தைக் கழிக்கப் பல வருஷம் பிடிக்கும். எல்லாக் காட்டு இனமும் சேரவும் சேராது.

அப்புறம், இதை மரபணு மாற்றுப் பயிர் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது வேறு, இது பூவோடு பூ சேரும் பழைய இனக்கலப்பு.